ஹெல்ப்டெஸ்க்கில் இருந்தபடியே செக்யூரிட்டி படிக்கிறேன்

ஜூன் 1, 2025, ஞாயிறு

இன்று தொடங்கிவிட்டேன். மூன்று வருடமாக ஹெல்ப்டெஸ்க் வேலை: பிரிண்டர், விபிஎன், பாஸ்வேர்ட் ரீசெட். அடுத்து எஸ்ஓசி (சைபர் தாக்குதல்களைக் கண்காணிக்கும் குழு) பக்கம் போக வேண்டும் என்று செக்யூரிட்டி பிளஸ் என்ற சைபர் பாதுகாப்புச் சான்றிதழ் தேர்வைக் குறி வைத்திருக்கிறேன். 90 நிமிடம், அதிகபட்சம் 90 கேள்விகள், 900க்கு 750 வாங்கினால் பாஸ்.

முதலில் காளி லினக்ஸ் (ஹேக்கிங் சோதனைக் கருவிகளோடு வரும் ஆபரேட்டிங் சிஸ்டம்) போட்டுப் பார்க்கத்தான் கை பரபரத்தது. நெட்வொர்க் டீமில் இருக்கும் அண்ணன் தடுத்தார். "பிரவுசர்ல ஒரு அட்ரஸ் அடிச்சு என்டர் தட்டினதுல இருந்து பேஜ் வர்ற வரைக்கும் என்னென்ன நடக்குதுன்னு எழுதிக் காட்டு. அப்புறம் காளி." எழுத உட்கார்ந்தேன். தளத்தின் பெயரை ஐபி எண்ணாக மாற்றும் டிஎன்எஸ் வரைக்கும் வந்தது, அதற்கு மேல் ஓடவில்லை. சரி, அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜூன் 5, வியாழன்

லேப்டாப்புக்குள்ளேயே இரண்டு விர்ச்சுவல் மெஷின்கள், அதாவது மென்பொருளில் ஓடும் கணினிகள். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு டெல்நெட்டில் (தூரத்துக் கணினிக்குள் நுழையும் பழைய முறை) லாகின் செய்தேன். நடுவில், நெட்வொர்க்கில் போகும் டேட்டா துண்டுகளை (பாக்கெட்) பிடித்துக் காட்டும் வயர்ஷார்க் ஓடிக்கொண்டிருந்தது. டெல்நெட் பாதுகாப்பானதல்ல என்ற வரியை எத்தனையோ முறை படித்துவிட்டுத் தாண்டிப் போயிருக்கிறேன். இன்று கண்ணால் பார்த்தேன். ஒவ்வொரு கீயைத் தட்டும்போதும் ஒரு பாக்கெட் போகிறது, அதற்குள் ஒரே ஓர் எழுத்து. எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தால், பயனர் பெயரின் எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்திருந்தன. ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று அரை மணி நேரம் தேடினேன். தப்பு இல்லை. நாம் அனுப்பும் எழுத்தை சர்வர் திருப்பி அனுப்புகிறது. அதனால்தான் அது நம் திரையில் தெரிகிறது. பாஸ்வேர்டை மட்டும் திருப்பி அனுப்பாது. அதனால் அது இரட்டிக்காமல், இன்னும் தெளிவாகப் படிக்கக் கிடைக்கிறது!

அதையே, டெல்நெட்டின் பாதுகாப்பான மாற்றான எஸ்எஸ்ஹெச்சில் செய்தேன். போர்ட் (கணினியில் ஒவ்வொரு சேவைக்கும் உள்ள வாசல் எண்) 23க்குப் பதில் 22. எந்தெந்த என்கிரிப்ஷன் (மறையாக்க) முறை தெரியும் என்று தொடக்கத்தில் இரண்டு பக்கமும் பேசிக்கொள்வதை மட்டும் படிக்க முடிந்தது. அதற்குப் பிறகு ஒன்றும் புரியாத எழுத்துக் குவியல்தான். அம்மாவைக் கூப்பிட்டு இரண்டையும் காட்டினேன். "அப்ப மொத மாதிரி வச்சிருக்கிறவங்க கதி?" என்று கேட்டார்.

ஜூன் 8, ஞாயிறு

ஹேஷ்: எந்த எழுத்தைக் கொடுத்தாலும் அதை ஒரே நீளக் குறியீடாக மாற்றும் கணக்கு. இத்தனை நாள் அதையும் என்கிரிப்ஷனையும் ஒன்றாகவே நினைத்திருந்தேன். என்கிரிப்ஷனுக்குச் சாவி உண்டு, சாவி இருந்தால் திறக்கலாம். ஹேஷில் திறப்பதற்கு வழியே கிடையாது. ஒரு வரியை எஸ்ஹெச்ஏ-256 என்ற ஹேஷ் முறையில் போட்டேன், 64 எழுத்து வந்தது. கடைசியில் ஒரு முற்றுப்புள்ளி சேர்த்துத் திரும்பப் போட்டேன். அதே 64 எழுத்து நீளம், ஆனால் முன்னதற்கும் இதற்கும் உறவே இல்லை.

2009இல் ராக்யூ தளத்திலிருந்து 3.2 கோடிக்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் திருடு போயின. அத்தனையும் ஹேஷ் செய்யாமல் அப்படியே சேமித்து வைக்கப்பட்டிருந்தவை. அதிகம் பேர் வைத்திருந்தது 123456. அந்தப் பட்டியல் இன்றும் காளி லினக்ஸோடு சேர்ந்தே வருகிறது. சால்ட் (ஹேஷ் செய்யும் முன் ஒவ்வொரு பாஸ்வேர்டோடும் சேர்க்கும் தற்செயல் எழுத்துகள்) பற்றி நாளை.

ஜூன் 15, ஞாயிறு

இந்த வாரம் வான்னாக்ரை: கணினியில் உள்ள ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்ட வைரஸ். அது நுழைந்த விண்டோஸ் ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை (பேட்ச்) மைக்ரோசாஃப்ட் கொடுத்தது 2017 மார்ச் 14. தாக்குதல் நடந்தது மே 12. இடையில் 59 நாள். போர்ட் 445 வழியாக ஒரு கணினியிலிருந்து இன்னொன்றுக்குத் தானாகவே பரவியது. பிரிட்டனில் அரசு மருத்துவமனைகளின் கணினிகள் முடங்கி, நோயாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். ரகசியம் காப்பது, திருத்தப்படாமல் காப்பது, தேவைப்படும்போது கிடைக்கச் செய்வது: இந்த மூன்றில் கடைசியை நான் சாதாரணமாக நினைத்திருந்தேன். இனிமேல் முடியாது. "அப்டேட்டை அப்புறம் போட்டுக்கலாமா?" என்று யாராவது கேட்டால், "சரி" என்று நானே எத்தனை முறை சொல்லியிருக்கிறேன்!

ஜூன் 19, வியாழன்

இதை எழுதத் தயங்கினேன். முன்பு வேலை பார்த்த இடத்தில் ஒரு மாலை ஃபோன் வந்தது. மேலாளர் பெயரைச் சொல்லி, ஏர்போர்ட்டில் இருக்கிறேன், பாஸ்வேர்ட் மறந்துவிட்டது, அவசரம் என்றார். பேச்சில் அவ்வளவு உரிமை. ரீசெட் செய்து கொடுத்துவிட்டேன். மறுநாள் காலை உண்மையான மேலாளர் லாகின் ஆக முடியாமல் அழைத்தார்.

சோஷியல் எஞ்சினியரிங் (கணினியை அல்ல, மனிதரைப் பேசி ஏமாற்றுவது) பாடத்தை இன்று படிக்கும்போது அந்தக் குரல் காதில் கேட்டது. 2020 ஜூலையில் ட்விட்டரிலும் இதே வழிதான்: ஊழியர்களுக்கு ஃபோன் போட்டு ஏமாற்றி உள்ளே நுழைந்து, ஒபாமா, பில் கேட்ஸ் கணக்குகளிலிருந்தெல்லாம் பிட்காயின் மோசடிப் பதிவு போட்டார்கள். 130 கணக்குகளைக் குறி வைத்தார்கள். எஸ்எஸ்ஹெச், ஹேஷ், சால்ட் எல்லாம் சரியாக இருந்தாலும், ரீசெட் பட்டன் என் கையில்தானே இருக்கிறது.

ஜூன் 24, செவ்வாய்

ராத்திரி ஷிப்ட். 11 மணிக்கு ஒரு சீனியர் மேலாளர் அழைத்தார். லாக் ஆகிவிட்டது, பத்து நிமிடத்தில் கிளையன்ட் கால், உடனே ரீசெட் வேண்டும். "சார், டைரக்டரியில் இருக்கும் உங்கள் நம்பருக்கு நானே திரும்பக் கூப்பிடுகிறேன்" என்றேன். கோபம் வந்துவிட்டது அவருக்கு. "என் குரல் தெரியாதா உங்களுக்கு?" தெரியும். இருந்தாலும் வைத்துவிட்டு, அந்த நம்பருக்கு அழைத்தேன். அவரேதான் எடுத்தார். ரீசெட் முடிய நான்கு நிமிடம் ஆனது.

ஷிப்ட் முடியும்போது டீம் லீடிடம் நடந்ததைச் சொன்னேன், திட்டு விழும் என்றுதான் போனேன். அவர் ஒன்றும் சொல்லாமல் ரீசெட் வழிமுறைப் பக்கத்தைத் திறந்து, முதல் வரிக்கு மேலே இடம் விட்டு, கீபோர்டை என் பக்கம் நகர்த்தினார்.