நடுவில் நிற்கும் அந்த சேஃப்டி

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் (கையால் பந்து எறியும் ஆட்டம்) பார்க்கும்போது நான் பந்தைப் பார்ப்பதில்லை. தடுக்கும் அணியில் எல்லோருக்கும் பின்னால் நிற்கும் சேஃப்டிகள்தான் என் கணக்கு. ரீப்ளே ஓட்டி ஓட்டிப் பார்ப்பதில் வீட்டில் எல்லோருக்கும் எரிச்சல்.

மைதானத்தின் அகலம் 53 யார்டு சொச்சம். ஸ்ப்ரெட் என்ற பாணியில் ஆடும் அணி, பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் நான்கு பேரை அந்த அகலம் முழுக்கப் பரப்பி நிறுத்தும். எதிரே கவர் 3 என்ற தடுப்பு முறை என்றால் ஆழத்தில் மூன்று பேர் (நடுவில் ஒரு சேஃப்டி), அவர்களுக்கு முன்னால் நான்கு பேர், ஆளுக்கொரு பகுதி. சரி, நான்கு ரிசீவர்களும் நேராக ஓடினால்? நடு சேஃப்டியின் இரண்டு பக்கமும் பக்கத்துக்கு ஒருவர் பாய்வார்கள். பந்தை எறியும் குவார்ட்டர்பேக் இடப்பக்கம் பார்ப்பார். சேஃப்டி ஒரு எட்டு அங்கே வைப்பார். பந்து வலப்பக்கம் போய்விடும்.

அதனால்தான் ஆழத்தில் நான்கு பேரை வைக்கும் குவார்ட்டர்ஸ் முறை வந்தது. இதில் சேஃப்டி உள்பக்க ரிசீவரைப் படிக்கிறார். நேராக வந்தால் ஒட்டிக்கொள்வார். சீக்கிரமே வெளியே திரும்பினால் விட்டுவிட்டு, ஓரத்தில் காக்கும் கார்னருக்குத் துணை போவார். பகுதிக் காவல் என்பது பெயருக்குத்தான்.

எனக்குப் பிடித்தது அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக அணியின் பாணி. அவர்களின் தடுப்புப் பயிற்சியாளர் ஜான் ஹீகாக் முன்வரிசையில் மூவரை மட்டும் வைத்து, நடுவில் மூன்றாவது சேஃப்டியை நிறுத்தினார். அந்த சேஃப்டி பின்னால் போவாரா, பந்தோடு ஓடுபவரைத் தடுக்க முன்னால் இறங்குவாரா என்று முன்கூட்டியே சொல்ல முடியாது. 2017 அக்டோபரில் அயோவா ஸ்டேட் ஓக்லஹோமா அணியை அதன் சொந்த மைதானத்திலேயே 38-31 என்று வென்றது. 31 புள்ளி கொடுத்தது தடுப்பா என்று கேட்கலாம். எதிரே இருந்த குவார்ட்டர்பேக் பேக்கர் மேஃபீல்டு, ஐயா. கல்லூரி ஃபுட்பாலின் சிறந்த ஆட்டக்காரருக்குத் தரும் ஹைஸ்மன் விருது அந்த வருடம் அவருக்குத்தான்.