எட்டடிக்கு அப்பால்

மார்ச் 6

எட்டு அடி. நேற்றும் எட்டு. அதற்கு அப்பால் இருப்பதெல்லாம் இரண்டாகத் தெரிகிறது.

மார்ச் 7

காலைச் சர்க்கரை 162. மாத்திரைப் பட்டியலை மனைவி குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டிவிட்டாள். கூடத்து நாற்காலி ஒன்றுதான். வாசற்கதவின் தாழ்ப்பாள் இரண்டு.

மார்ச் 9

இந்தக் கேமராவை வாங்கியதே ஒரே ஒரு காரணத்துக்காகத்தான். கேனன் பி, 1959இல் வந்தது. லைக்காவின் பழைய திருகு லென்ஸ்கள் எல்லாம் இதில் பொருந்தும் என்பார்கள். பொருந்தட்டும், நான் அதற்காக வாங்கவில்லை. இதன் வியூஃபைண்டரில் தெரியும் உருவம் வெறும் கண்ணுக்குத் தெரியும் அளவேதான், கூடவும் இல்லை குறையவும் இல்லை. வலது கண்ணைக் கேமராவில் வைத்துக்கொண்டு இடது கண்ணையும் திறந்தே வைத்திருக்கலாம். சற்று நேரத்தில் கையில் கேமரா இருப்பதே மறந்துபோகும். எதிரே தெரு இருக்கும்; தெருவின் நடுவில் வெள்ளைக் கோட்டுச் சட்டம் ஒன்று அந்தரத்தில் நிற்கும். அதற்குள் யார் வரப்போகிறார், யார் விலகிப்போகிறார் என்பதெல்லாம் முன்கூட்டியே தெரியும். லென்ஸ் வழியாகவே பார்க்கும் ரிஃப்ளெக்ஸ் கேமராக்காரர்களிடம் இதைச் சொல்லிப் பயனில்லை. அவர்கள் குகைக்குள் தலையை விட்டு உலகத்தைப் பார்த்துப் பழகியவர்கள்.

35, 50, 100 என்று மூன்று லென்ஸுக்கான சட்டங்களும் எப்போதும் சேர்ந்தே தெரிவது ஒரு தொல்லை. பழகிவிடும்.

இன்று மொட்டைமாடியில் இரண்டு கண்ணையும் திறந்து பார்த்தேன். சட்டம் ஒரு பக்கம் நின்றது, தெரு வேறு பக்கம் போயிற்று. தலை சுற்றியது. இடது கண்ணில் பட்டையைப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தேன். நடுவில் ஃபோகஸ் பார்க்கும் அந்தச் சிறிய கட்டம்; அதற்குள் இரண்டு உருவங்களும் ஒன்றானால் ஃபோகஸ் சரி. அதற்குள் எதிர்வீட்டுத் தண்ணீர்த்தொட்டியின் குழாய் இரண்டாகத் தெரிந்தது. வளையத்தைத் திருப்பினேன், ஒன்றானது. மறுபடியும் பிரித்தேன். மறுபடியும் சேர்த்தேன். சாப்பிடக் கூப்பிடும்வரை இதையே செய்துகொண்டிருந்தேன்.

மார்ச் 10

இடப்பக்கம் திரும்பினால் ஸ்கூட்டர்கள் ஜோடி ஜோடியாக வருகின்றன. எதற்கு ஒதுங்குவது?

மார்ச் 12

"அதை வைத்துக்கொண்டு என்னதான் அளக்கிறீர்கள்?" என்று கேட்டாள். செய்து காட்டினேன். பட்டையைக் கழற்றிவிட்டு அவளை நேர் எதிரே நிற்கச் சொன்னேன். மெதுவாகப் பின்னால் போகச் சொன்னேன். எங்கே இரண்டு மூக்குத்தி தெரிகிறதோ அங்கே நில் என்றேன். பிறகு இடது கண்ணை மூடிக்கொண்டு கேமராவில் மூக்குத்தியை ஃபோகஸ் செய்து, லென்ஸின் மேல் இருக்கும் எண்ணைப் படித்தேன். எட்டு.

"டேப் வைத்து அளந்தால் ஆகாதா?"

ஆகாது. ஏன் என்று சொல்லவும் தெரியவில்லை.

மார்ச் 13

ஸ்கேன் பிலிமை ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது நரம்பு எங்கே ஓடுகிறது என்று தேடினேன். நமக்கு எப்படித் தெரியும். ஆனால் பிலிமை வெளிச்சத்துக்கு எதிரே பிடிக்கும் கைப்பழக்கம் மட்டும் தானாக வந்துவிட்டது. மூலையை இரு விரலால் பிடிப்பது, பரப்பில் கை படாமல் பார்த்துக்கொள்வது. பிலிமை எடுத்துக் கொடுத்த பையன் நடுவில் கட்டைவிரலைப் பதித்துத்தான் கொடுத்தான்.

அப்பாவின் நெஞ்சு எக்ஸ்ரே ஒன்று பரணில் கிடக்கிறது. அதன் உறையில் 'இந்து' என்று போட்டிருக்கும். 1960இல் ஊட்டியில் தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸின் சரக்கு. எக்ஸ்ரே, சினிமா பிலிம், கறுப்பு வெள்ளை ரோல், அச்சிடும் காகிதம் எல்லாம் அங்கிருந்து வந்த காலம் உண்டு. தூசு ஆகாத தொழிலுக்கு மலைமேல் இடம் பார்த்தார்கள். இப்போது அந்தப் பெயரைத் தாங்கிய குடியிருப்பு இருக்கிறது, பிலிம் இல்லை. ஒரு ரோல் டிரை-எக்ஸ் பிலிம் வாங்குவதற்கு முன் நான் நான்கு முறை யோசிக்கிறேன்.

மார்ச் 15

கையில் வேலையில்லாத ஆத்திரத்தில் இன்னொரு பழைய கேமராவான ஸோர்கி 4ஐ எடுத்துத் துடைத்தேன். மாஸ்கோவுக்குப் பக்கத்தில் கிராஸ்னகோர்ஸ்க் தொழிற்சாலையில் செய்தது. கனம் கையை இழுக்கிறது. இதற்கு ஒரு விதி உண்டு: ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். ஏற்றாமல் திருப்பினால் உள்ளே ஏதாவது முறிந்துபோகும் அபாயம் உண்டு. புதிதாக வாங்குகிறவர்களுக்கு இதை யாரும் சொல்வதில்லை, விற்கிறவன் சொல்லவே மாட்டான்.

பின்மூடியைக் கழற்றி ஷட்டர் திரையை விளக்கில் காட்டினேன். ஊசிமுனை அளவுகூட ஓட்டை இல்லை. துணித்திரை போட்ட கேமராவை, மூடி போடாமல், லென்ஸ் வெயிலைப் பார்க்க மேஜையில் வைத்துவிட்டால் போதும். ரிஃப்ளெக்ஸில் நடுவே கண்ணாடி தடுக்கும். இவை போன்ற, கட்டத்துக்குள் உருவங்களைச் சேர்த்து ஃபோகஸ் பார்க்கும் ரேஞ்ச்ஃபைண்டர் கேமராக்களில் லென்ஸுக்கும் திரைக்கும் இடையில் ஒன்றுமே இல்லை. பூதக்கண்ணாடி வைத்துக் காகிதம் எரித்த விளையாட்டுத்தான். சென்னை வெயிலுக்குச் சில விநாடிகள் போதும். கேனன் பியில் எஃகுத் தகட்டுத் திரை, எரியாது. ஆனால் யாராவது விரலை வைத்திருப்பார்கள், சுருங்கியிருக்கும். நான் பார்த்தவரை சுருங்காத பி ஒன்றுகூட இல்லை. என்னுடையதும் கசங்கித்தான் இருக்கிறது, ஒழுங்காக ஓடுகிறது.

மார்ச் 16

ஏழு. காலையிலும் மாலையிலும் ஏழு.

மார்ச் 18

மெதுவேகங்கள் ஒட்டிக்கொண்டன. கால் விநாடி வைத்தால் திரை பாதியில் நின்று யோசிக்கிறது. சிந்தாதிரிப்பேட்டைப் பெரியவரிடம் கொண்டுபோனேன். ஆட்டோவில் வழியெல்லாம் கண்ணை மூடிக்கொண்டேன்.

அவர் என் பட்டையைப் பார்த்தார், ஒன்றும் கேட்கவில்லை. கேமராவைக் காதோரம் வைத்து நாலைந்து முறை தட்டினார். "எண்ணெய் இறுகிப்போயிருக்கிறது தம்பி. வைத்துவிட்டுப் போங்கள்."

"எப்போது கிடைக்கும்?"

"ஆகும்போது போன் செய்கிறேன்."

இந்தப் பதிலை இப்போது எங்கே போனாலும் கேட்கிறேன்.

மார்ச் 19

கேமரா இல்லை. எண் இல்லை.

மார்ச் 20

ஸோர்கியில் அளந்து பார்த்தேன். லென்ஸில் மீட்டர் கணக்கு. இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் ஏதோ ஒன்று. போதாக்குறைக்குக் கட்டம் மங்கிவிட்டது, உள்ளே இருக்கும் பாதி ஊடுருவும் கண்ணாடியின் பூச்சு போயிருக்க வேண்டும். எவனோ பஞ்சை வைத்து நன்றாகத் துடைத்திருக்கிறான். தூசியோடு பூச்சும் வந்துவிடும். சுத்தம் செய்கிறேன் என்று கிளம்புகிறவர்கள் பழைய கேமராக்களுக்குச் செய்த கெடுதலைப் பூஞ்சைகூடச் செய்ததில்லை.

மார்ச் 23

அக்கா வந்திருந்தாள். பையிலிருந்து பழைய துண்டு ஒன்றை எடுத்தாள், அதற்குள் அத்திம்பேரின் யாஷிகா எலக்ட்ரோ 35. "உனக்குத்தானே இதெல்லாம் தெரியும், ஓடுகிறதா பார்." பிலிம் தள்ளும் நெம்புகோலை இழுத்தேன். உள்ளேயிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம் வர வேண்டும். வரவில்லை. உள்ளே இருக்கும் சிறிய ரப்பர் துண்டு நைந்துவிட்டால் அந்தச் சத்தம் போய்விடும், அதோடு வெளிச்சக் கணக்கும் தாறுமாறாகும். இந்த மாடலில் எல்லாவற்றுக்கும் ஒருநாள் வரும் வியாதி.

பேட்டரி அறையில் பச்சை பூத்திருந்தது. இதற்குரிய 5.6 வோல்ட் பாதரச பேட்டரி எப்போதோ நின்றுவிட்டது. ஆறு வோல்ட் பேட்டரி ஒன்றைப் போட்டு, மீதி இடத்துக்குச் சுருள்கம்பி வைத்துச் சமாளிக்கலாம்.

அக்கா போகும்போது, "நீ என்னைப் பார்த்துப் பேசமாட்டேன் என்கிறாயே" என்றாள். பார்த்துத்தான் பேசினேன். எந்த அக்காவை என்பதுதான்.

மார்ச் 27

மூன்று மாதம் வரை ஆகலாமாம். தானாகச் சரியாகும், பெரும்பாலும் ஆகிவிடும், சர்க்கரையைக் குறையுங்கள். மருத்துவர் விரலை நீட்டி இடப்பக்கம் கொண்டுபோனார். இடது கண் நடுவோடு நின்றுகொண்டது. எனக்கு அது தெரிந்தது. கண் நகராததை அதே கண்ணுக்குள்ளிருந்து உணர முடிகிறது.

ஊசி இல்லை, அறுவை இல்லை. திருகு ஏதாவது இருக்கிறதா என்று கேட்க நினைத்தேன்.

மார்ச் 29

பெரியவர் கூப்பிட்டார். ஓடினேன்.

கால் விநாடி, அரை விநாடி, ஒரு விநாடி எல்லாம் கேட்கிறது. ஆனால் அவர் சொன்ன விஷயம் வேறு. "ரேஞ்ச் தள்ளிப்போயிருந்தது, கவனித்தீர்களா?" கடை வாசலில் நின்று தொலைவில் தெரியும் செல்போன் கோபுரத்தைக் காட்டினார். அதன் உருவங்கள் கட்டத்துக்குள் ஒன்றாகும்போது லென்ஸ் முடிவிலிக் குறியில் நிற்க வேண்டும். என்னுடையது ஐம்பது அடியிலேயே நின்றுவிட்டதாம். மேல்மூடிக்குள் ஒரு திருகு, கால் சுற்றுகூட இல்லை. முடித்துவிட்டார்.

வீட்டுக்கு வரும் வழியில் கணக்குப் போட்டேன். முடிவிலியை ஐம்பது என்று சொல்லும் கேமரா, ஒன்பதரை அடியை எட்டு என்றுதான் சொல்லும். ஆக எட்டு எட்டே இல்லை. அந்த ஏழும் எட்டுக்கு மேலே. பொய் சொன்னது கேமரா, நான் நினைத்ததைவிட ஒன்றரை அடி நன்றாகவே இருந்திருக்கிறேன்.

வந்ததும் அவளை நிற்க வைத்து அளந்தேன். பத்து!

மார்ச் 30

பத்து.

ஏப்ரல் 2

ரோல் கழுவினேன். மற்றதற்கெல்லாம் கண் வேண்டும். கறுப்புப் பைக்குள் கையை விட்டுப் பிலிமைச் சுருளில் ஏற்றும் வேலைக்கு மட்டும் யாருடைய கண்ணும் பயன்படாது. அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஐந்தடிக்கு மேல் நீளம். நுனியைக் கத்தரியால் மட்டப்படுத்தி, பிளாஸ்டிக் சுருளின் வாயில் கொடுத்து, இரண்டு கையையும் முன்னும் பின்னும் திருகவேண்டும், ஒவ்வொரு திருகுக்கும் கொஞ்சம் உள்ளே போகும். இந்த ஊரில் பைக்குள் கை வேர்க்கும், வேர்த்தால் பிலிம் ஒட்டும், பாதியில் நிற்கும். நின்றது. வலிந்து தள்ளினால் பிறை வடிவில் மடிப்பு விழும். விட்டுவிட்டு, பைக்குள்ளேயே கையை அசையாமல் வைத்து உட்கார்ந்திருந்தேன். மின்விசிறியை அவள் வேகமாக வைத்தாள். பிறகு போயிற்று.

குழாய்த்தண்ணீர் 31 டிகிரி. பிலிம் கழுவும் டி-76 ரசாயனத்தைத் தண்ணீரோடு ஒன்றுக்கு ஒன்று கலந்தால் டிரை-எக்ஸுக்கு 20 டிகிரியில் ஒன்பதே முக்கால் நிமிடம். ஐஸ் பையைச் சுற்றி வைத்து, வெப்பமானி முள்ளை இரண்டு இன்ச் தூரத்தில் பார்த்தேன். அந்தத் தூரத்தில் எனக்கு எல்லாம் ஒன்றுதான்.

ஏப்ரல் 3

காய்ந்தது. பழுதுக்குக் கொடுப்பதற்கு முன் எடுத்தவற்றில் கிட்டத்தில் எடுத்த முகங்கள் எல்லாம் சற்று மங்கல், அவற்றுக்கு முன்னால் இருந்தவை கூர்மை. பெரியவர் சொன்னது நெகட்டிவிலேயே இருக்கிறது.

ஒன்று மட்டும் நன்றாக வந்திருக்கிறது: மாடிப்படியில் கறிவேப்பிலை உருவிக்கொண்டிருக்கிறாள், என்னைப் பார்க்கவில்லை.

ஏப்ரல் 7

பதினைந்து. சர்க்கரை 128. மைசூர்பாகு கேட்டேன், கிடைக்கவில்லை.

ஏப்ரல் 8

பத்து. ஏன்? தூக்கம் சரியில்லை, அதனால் இருக்கும் என்கிறாள். அவளுக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. கேமராவைக் கொண்டுபோய் மாடியில் கோபுரத்தைப் பார்த்தேன். முடிவிலிக் குறியில் நிற்கிறது. அது சரியாகத்தான் இருக்கிறது.

ஏப்ரல் 10

அறுபத்துமூவர். போகக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். மாட வீதியில் அந்தக் கூட்டத்தில் நாயன்மார்கள் எனக்கு நூற்றிருபத்தாறு பேராக வருவார்கள் என்றேன். சிரித்தது நான் மட்டும்.

ஏப்ரல் 14

புத்தாண்டு. வேப்பம்பூப் பச்சடியில் வெல்லம் இல்லை.

இந்தத் தேதி வந்தால் எனக்குத் திருவண்ணாமலை நினைவுக்கு வரும். 1950, இதே ஏப்ரல் 14, இரவு 8.47. ரமண மகரிஷி அடங்கிய நேரம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்ட்டியே-ப்ரெஸ்ஸோன் அங்கே இருந்தார். வானத்தில் ஒளி ஒன்று மெல்ல நகர்ந்து போவதைப் பார்த்து உடனே கடிகாரத்தைப் பார்த்திருக்கிறார், 8.47. நான் நினைப்பது அந்த ஒளியைப் பற்றி அல்ல. கழுத்தில் லைக்கா தொங்கும் ஒரு மனிதர் அந்த நேரத்தில் கேமராவைத் தூக்காமல் கடிகாரத்தைப் பார்த்தாரே, அதைப் பற்றித்தான். அடுத்த சில நாட்களில் புதுச்சேரிக்குப் போய் அரவிந்தரைப் படம் எடுத்தார். அரவிந்தரும் அந்த டிசம்பரிலேயே போய்விட்டார்.

அன்றைய லைக்காவில் இரண்டு துளைகள். ஒன்றில் ஃபோகஸ் பார்க்க வேண்டும், பக்கத்துத் துளையில் சட்டம் பார்க்க வேண்டும். இரண்டையும் ஒரே ஜன்னலில் சேர்த்த எம்3 வந்தது 1954இல். அதுவரை அவர் தூரத்தைக் கண்ணாலேயே மதிப்பிட்டு வளையத்தை முன்கூட்டித் திருப்பி வைத்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எட்டடி என்றால் எட்டடி. அந்தப் பயிற்சி எனக்கு இல்லை. இப்போது பழகலாம் என்றால் வெறும் கண்ணுக்கு ஆழமே தெரிவதில்லை, டம்ளரில் காபியை ஊற்றினால் மேஜையில் போகிறது.

ஏப்ரல் 16

இருபது. இருபதேதான். இரண்டு முறை பார்த்தாயிற்று.

ஏப்ரல் 17

வலப்பக்கம் பார்த்தால் தெருக்கோடி வரைக்கும் ஒன்று. இடப்பக்கம் மருந்துக்கடைப் பலகை இன்னும் இரண்டு, ஆனால் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டிருக்கிறது. அவளிடம் சொல்லவில்லை. சொன்னால் உடனே கற்பூரம் ஏற்றுவாள், நாளைக்குப் பத்து என்று வந்தால் யார் பதில் சொல்வது.

ஏப்ரல் 19

யாஷிகா தயார். டொக் கேட்கிறது. பழைய ரப்பரைப் பெரியவர் காகிதத்தில் மடித்துக் கொடுத்திருக்கிறார், தொட்டால் விரலில் கறுப்பாக ஒட்டுகிறது. அக்காவின் மருமகன் அதற்குள் போன் செய்துவிட்டார். "மாமா, இதற்கெல்லாம் இப்போது நல்ல விலை போகிறதாமே?" போகிறது என்று எனக்குத் தெரியும். தெரியாது என்றேன். ரோல் போட்டு அக்காவிடமே கொடுத்துவிடப் போகிறேன். அவளுக்காக ஒரு அட்டையில் எழுதி வைத்திருக்கிறேன்:

பிலிம் வேகம் ஆஸா 200. மாற்றாதே. மஞ்சள் விளக்கு எரிந்தால் எங்காவது சாய்ந்து நின்று எடு. சிவப்பு எரிந்தால் அம்புக்குறி காட்டும் பக்கம் வளையத்தைத் திருப்பு. நடுவில் இரண்டாகத் தெரிந்தால் பயப்படாதே, லென்ஸைத் திருகினால் சேரும். மூடியைக் கழற்றிவிட்டு எடு, இதில் மூடி போட்டிருந்தாலும் எல்லாம் தெரியும்