திருவாதிரைக்கு எத்தனை ஒளியாண்டு?

அம்மாவின் ஆட்டத்திவசம் முடிந்து வந்த முதல் திருவாதிரை. செத்தவீடு நடந்த வருடம் என்பதால் போன மார்கழியில் நாங்கள் கோயில் வாசல் மிதிக்கவில்லை. இந்த முறை எப்படியும் திருகோணமலைக் கோட்டைக்குள் மலையுச்சியில் இருக்கும் சிவன் கோயிலில், கோணேசர் சந்நிதியில் நிற்க வேண்டும் என்று முதல் நாளே மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறித் திருகோணமலைக்கு வந்து, உவர்மலையில் இருக்கும் தம்பி வீட்டில் தங்கினேன்.

இரவு முழுக்க மழை. வாடைக்காற்றுக் காலத்தில் திருகோணமலையில் வேறெதை எதிர்பார்க்க முடியும்? மூன்றரை மணிக்கு எழுந்து குளித்து ஈரத்தலையோடு முற்றத்துக்கு வந்தால் மழை விட்டிருந்தது. தம்பிக்குக் காய்ச்சல். அவனுடைய மகன்தான் மோட்டார் சைக்கிளை எடுத்தான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் பௌதிகவியல் படிக்கிறான், போயா என்கிற பௌர்ணமி லீவுக்கு வந்திருந்தான். "வாங்கோ மாமி, நான் கொண்டுபோய் விடுறன்" என்றான். விடுவதாகத்தான் சொன்னான், கும்பிடுவதாகச் சொல்லவில்லை. அது எனக்கும் விளங்கியது.

கோட்டை வாசலில் இறங்கி நடந்தோம். எத்தனை தடவை போனாலும் அந்த வாசலில் என் கால் ஒரு கணம் நிற்கும். கல்லில் இரட்டைக் கயல், பக்கத்தில் சிதைந்த தமிழ் எழுத்து: முன்னே குளக்கோட்டன் மூட்டிய திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிப்பான் என்கிற வாசகம். குளக்கோட்டன் இந்தக் கோயிலைக் கட்டியதாகச் சொல்லும் அரசன், பறங்கி என்றால் போர்த்துக்கேயர். 1622 ஆம் ஆண்டு போர்த்துக்கேயர் கோயிலை இடித்து, அந்தக் கல்லையே எடுத்துக் கோட்டை கட்டினார்கள். ஆக, கோயிலுக்குப் போகிறவர்கள் முதலில் கோயிலின் கல்லுக்குள்ளால்தான் நுழைகிறோம். அம்மா அந்தச் சுவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு தான் மேலே ஏறுவா. நானும் தொட்டேன். மழையில் நனைந்து குளிர்ந்து கிடந்தது.

ஏற்றத்தில் மான்கள் படுத்திருந்தன. எங்களைக் கண்டு எழும்பவும் இல்லை. ஆலமர இடைவெளியில் மேற்குப் பக்கம் மேகம் கிழிந்து, நிலவு தெரிந்தது. முழு நிலவு. அதற்குப் பக்கத்தில், அவ்வளவு வெளிச்சத்திலும் மங்காமல், செம்மஞ்சளாக ஒரு புள்ளி.

"அந்தா மாமி, பெட்டல்ஜூஸ்" என்றான்.

"அது திருவாதிரை" என்றேன். "உன்ர அப்பம்மான்ர நட்சத்திரம்."

அவன் நின்றுவிட்டான். பெட்டல்ஜூஸைப் பற்றி அவனுக்கு எல்லாம் தெரியும். செந்நிற மீப்பெரும் பூதம், அதாவது மிகப் பெரிய சிவப்பு நட்சத்திரம் என்று சொன்னான். சூரியன் இருக்கும் இடத்தில் அதைக் கொண்டுவந்து வைத்தால் பூமியையும் விழுங்கிவிடுமாம். 2019 கடைசியில் தொடங்கி சில மாதம் மங்கிப்போய், வெடிக்கப்போகிறதோ என்று உலகமே அண்ணாந்து பார்த்தது என்றும் சொன்னான். ஆனால் அதுதான் திருவாதிரை என்பதும், அப்பம்மா பிறந்த நட்சத்திரம் என்பதும் அவனுக்குத் தெரியாது. அவனுக்கு நாங்கள் சொல்லிக்கொடுக்கவில்லை. பிழை எங்களுடையது.

"எவ்வளவு தூரம் ராசா?"

"சரியா அளக்கிறது கஷ்டம் மாமி. ஐந்நூறு ஒளியாண்டுக்கு மேல. எழுநூறு வரைக்கும் சொல்லுகினம்."

ஒளியாண்டு என்றால் வெளிச்சம் ஒரு வருடத்தில் போகும் தூரம், அது எனக்கும் தெரியும். நான் கணக்கில் கெட்டிக்காரி இல்லை. ஆனாலும் அந்த இடத்தில் கணக்கு தானாக வந்தது. கோயில் இடிந்து 400 வருடம். இந்த வெளிச்சம் புறப்பட்டு 500க்கு மேல். அப்படியென்றால் இப்போது எங்கள் கண்ணில் விழும் இந்தக் கதிர் திருவாதிரையை விட்டுக் கிளம்பிய அன்று, இந்த மலையில் பழைய கோயில் நின்றிருக்கிறது. தூண்கள் நின்றிருக்கின்றன. ஆரோ ஒரு குருக்கள் இதே ஆதிரை நாளில் இதே நேரத்தில் மணி அடித்திருப்பார். கதிர் வழியில் வந்துகொண்டிருந்தபோது பறங்கியர் வந்தார்கள், ஒல்லாந்தர் வந்தார்கள், ஆங்கிலேயர் வந்தார்கள், போனார்கள். கோயில் கடலுக்குள் போனது. திரும்ப எழும்பியது. கதிர் எதற்கும் நிற்காமல் வந்து, நனைந்த ஏற்றத்தில் நிற்கிற இரண்டு பேரின் கண்ணில் விழுந்திருக்கிறது. எனக்கு மேனி சிலிர்த்தது. அவனிடம் சொன்னேன். அவன் ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் மேற்கையே பார்த்தான்.

அப்புறம் மெதுவாகக் கேட்டான். "மாமி, ஒண்டு கேட்டாக் கோவிக்கக் கூடாது."

"கேள்."

"எங்கட பால்வீதியில மட்டும் பத்தாயிரம் கோடிக்கு மேல நட்சத்திரம். அதுமாதிரிப் பால்வீதியளும் பத்தாயிரம் கோடிக்கு மேல. எல்லாம் தொடங்கி 1380 கோடி வருசம். மனிசர் வந்து ஒரு மூண்டு லட்சம் வருசம்தான். இதையெல்லாம் ஆட்டுவிக்கிற ஒருத்தர், அப்பம்மான்ர முழங்கால் நோவுக்குச் செய்யிற அருச்சனையைக் கேட்டுக்கொண்டா இருப்பார்?"

குரலில் ஏளனம் இல்லை. அப்பம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டவன் அவன்தான். அவனுக்கு உண்மையாகவே தெரிய வேண்டியிருந்தது. எனக்கும்தான். அம்மா படுக்கையில் கிடந்த கடைசி மாதங்களில் இதே கேள்வியை நானும் கேட்டிருக்கிறேன், இவ்வளவு எண்கள் இல்லாமல். உடனே மறுமொழி வரவில்லை. "வா, பூசைக்கு நேரமாகுது" என்றேன்.

உள்ளே திருவெம்பாவை தொடங்கியிருந்தது. அவன் சேர்ட்டைக் கழற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு தூணோரம் நின்றான். நடராசருக்கு அபிஷேகம். பால் இறங்கும்போது தூக்கிய திருவடியின் விரல் நுனியில் ஒரு சொட்டு தங்கி, விளக்கொளியில் நடுங்கி, பிறகு விழுந்தது. அந்த ஒரு சொட்டைத்தான் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். சோமாஸ்கந்தர் பக்கம் திரும்பியபோது வழக்கமாக வரும் நினைவு வந்தது. இடிபடுவதற்கு முன் ஆரோ மண்ணுக்குள் ஒளித்து வைத்துவிட்டுப் போன திருமேனிகள், 1950 ஆம் ஆண்டு கிணறு வெட்டப் போனபோது வெளிவந்தன. ஒளித்தவர்கள் திரும்ப எடுப்போம் என்று நம்பித்தானே புதைத்திருப்பார்கள். அவர்கள் பெயர் ஒன்றும் எங்களுக்குத் தெரியாது.

அருச்சனைக்குத் தட்டை நீட்டினேன். "பேர், நட்சத்திரம்?" என்றார் குருக்கள்.

அம்மாவின் பட்டியல் நீளமானது. தன்னில் தொடங்குவா: திருவாதிரை நட்சத்திரம், மிதுன ராசி. பிறகு பிள்ளைகள், மருமக்கள், பேரப்பிள்ளைகள், முன்வீட்டுப் பிள்ளை, ஆசுபத்திரியில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவ என்று குருக்கள் மூச்சு வாங்கும் வரைக்கும் போகும். என் வாயும் பழக்கத்தில் "திரு..." என்று தொடங்கிவிட்டது. போனவர்களுக்கு இந்த அருச்சனை இல்லை. அப்படியே விழுங்கிக்கொண்டு தம்பியின் பெயரைச் சொன்னேன். உத்தரட்டாதி, மீனம். அடுத்து மருமகன் பெயர். "சுவாதி, துலா ராசி" என்றேன். தூணடியில் நின்றவன் நிமிர்ந்து பார்த்தான்.

பூசை முடிந்து, விபூதியோடு வெளியே வந்து மலை விளிம்புக்குப் போனோம். கிழக்கு இன்னும் கறுப்புத்தான். கீழே முந்நூறு அடிக்கு மேல் ஆழத்தில் கடல் பாறையில் மோதி உறுமியது. குரைகடல் என்று சம்பந்தர் பாடியதை இந்தக் காற்றுக் காலத்தில் இங்கே நின்று கேட்க வேண்டும். அவர் ஏழாம் நூற்றாண்டில் கடல் கடந்து வராமலே, இராமேசுவரத்தில் நின்று கோணமாமலையைப் பாடினார் என்பார்கள். இராவணன் வெட்டுப் பிளவு இருளில் இன்னும் கறுப்பாகத் தெரிந்தது. பிள்ளை வரம் கேட்டு மரத்தில் கட்டிய சின்னச் சின்னத் தொட்டில்கள் காற்றில் ஆடின.

கீழே காட்டி, "உதுக்குள்ள தான் ஆர்தர் சி கிளார்க் சுழியோடினவர்" என்றான். அந்த விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் அவனுக்குப் பெரிய ஆள். பூமிக்கு மேல் 36,000 கிலோமீற்றரில் ஒரு செய்மதி நின்ற இடத்தில் நிற்பதுபோலச் சுற்றலாம், அதைத் தொலைத்தொடர்புக்குப் பயன்படுத்தலாம் என்று 1945 இலேயே எழுதியவர். அதே மனிதர் 1956 இல் இந்த மலையடியில் இறங்கி, கடலடியில் எங்கள் கோயிலின் இடிபாடுகளைக் கண்டார். அண்டத்தைப் பற்றியே எண்ணிக்கொண்டிருந்த ஒருவரின் கண்ணில் கோணேசர் கோயில் தூண் பட்டிருக்கிறது. அவர் கடவுள் நம்பிக்கை இல்லாதவர். 2008 இல் கொழும்பில் இறந்தபோது எந்த மதச் சடங்கும் வேண்டாம் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் போனார். அவரிடம் எனக்கு எந்தக் குறையும் இல்லை. கோணேசர் ஆளைத் தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறார் என்று நான் நினைக்கிறேன். மருமகனுக்கு அது சரியாகப் படவில்லை, சிரித்துக்கொண்டான்.

அப்போதுதான் எனக்குச் சொல்ல வேண்டியது ஞாபகம் வந்தது.

எங்கள் பழைய வீட்டில் குசினிக் கூரையில் ஒரு ஓடு உடைந்திருந்தது. காலையில் அந்த ஓட்டைக்குள்ளால் வெயில் ஒரு கம்பு மாதிரிச் சாய்ந்து விழும். அம்மா அதற்குக் கீழே இருந்து சுளகில் அரிசி புடைப்பா. தவிட்டுத் தூசி கிளம்பி, அந்த வெயில் கம்புக்குள் வந்தவுடன் பொன்னாகிவிடும். ஒவ்வொன்றும் தனித்தனியாக மிதக்கும், சுழலும், ஒன்றுக்கொன்று இடித்துக்கொண்டு விலகும். எனக்கு ஆறு வயது இருக்கும். கையை நீட்டிப் பிடிக்கப் பார்த்தேன். அம்மா புடைப்பதை நிறுத்திவிட்டுத் திருவாசகத்தில் ஓரிடம் சொன்னா. அண்டங்கள் நூற்றொரு கோடிக்கு மேலாக விரிந்து கிடக்கின்றன, அவையெல்லாம் இல்நுழை கதிரின் துன்னணுப் போல, அதாவது வீட்டுக்குள் நுழைகிற வெயிலில் தெரியும் தூசி போலச் சிறியதாகும்படி அவன் பெரியவன் என்று திருவண்டப்பகுதி சொல்கிற இடம். மாணிக்கவாசகர் தூரக்கண்ணாடி பார்த்தவர் இல்லை. ஏதோ ஒரு வீட்டில் ஒரு காலை நேரத்தில் இதைப் பார்த்திருக்கிறார்.

"அப்ப நாங்கள் எங்க இருக்கிறம் அம்மா?" என்று கேட்டேன்.

"உதில ஒண்டுக்குள்ள இருந்து அரிசி புடைக்கிறம்" என்றா. பிறகு சுளகை எடுத்துக்கொண்டா.

அம்மா ஐந்தாம் வகுப்பு. நாங்கள் தூசி என்பது அவவுக்கு முதலிலிருந்தே தெரியும். சிவபுராணத்தை விடியவிடியச் சொல்கிறவளுக்குத் தெரியாமல் இருக்குமா? புல், பூடு, புழு, மரம், மிருகம், பறவை, பாம்பு, கல் என்று வந்து, கல்லுக்கு அடுத்ததாகத்தான் அங்கே மனிதர் வருகிறார். அதற்குப் பிறகு பேய். வரிசையின் உச்சியில் எங்களை வைக்கவே இல்லை. பிறந்து பிறந்து களைத்துப்போன ஓர் உயிர் என்றுதான் சொல்கிறது. அது தெரிந்துகொண்டுதான் அம்மா பெயர் சொல்லி, நட்சத்திரம் சொல்லி, ராசி சொல்லிக் கேட்டா. அவ்வளவு பெரியவனுக்கு ஆள் மாறிவிடக் கூடாது என்பதுபோல, அடையாளம் தவறாமல் சொல்லிக் கேட்டா. கேட்டுக்கொண்டா இருப்பார் என்ற கேள்விக்கு நான் கணக்குப் போட்டுக் காட்ட முடியாது. ஆனால் அந்த வெயில் கம்புக்குள் ஒரு தூசியைக்கூட வெளிச்சம் விட்டுவைக்கவில்லை. அதை நான் ஆறு வயதில் கண்ணால் பார்த்தேன். இன்றைக்கும் கோணேசருக்கு முன்னால் அந்த நம்பிக்கையில்தான் நிற்கிறேன். இவ்வளவையும் அவனிடம் சொன்னேன். குரல் உடைந்தது, அதனால் பரவாயில்லை.

அவன் மறுத்துப் பேசவில்லை, ஒத்துக்கொள்ளவும் இல்லை. கிழக்கே கொஞ்ச நேரம் தேடினான். பிறகு கடலுக்கு மேலே கை காட்டினான். மேகத்துக்கு மேல் ஒரு பெரிய நட்சத்திரம், திருவாதிரையை விடப் பளிச்சென்று.

"சுவாதி எண்டா ஆர்க்டூரஸ் மாமி. நாங்கள் படிச்சிருக்கிறம். 37 ஒளியாண்டு."

"37 வருசத்துக்கு முதல் புறப்பட்டதோ?"

"ஓம்."

"அப்ப உன்ர அப்பன் சைக்கிள் ஓடப் பழகிக்கொண்டிருந்தவன்."

அடிவானம் வெளுக்கும் வரைக்கும், அந்த நட்சத்திரம் வெளிச்சத்தில் கரையும் வரைக்கும் நின்றான். மேற்கே திரும்பினால் நிலவு ஊருக்கு மேல் வெளிறிப்போய் இருந்தது. திருவாதிரை தெரியவில்லை.

இறங்கும்போது தேங்காய்ப் பாதியும் வாழைப்பழமும் இருந்த பையை அவன் வாங்கிக்கொண்டான். ஒரு மான் பின்னால் வந்து பழத்தை மணந்து பார்த்தது, கொடுத்தான். பிறகு போனை எடுத்தான்.

"அப்பாவுக்கு உத்தரட்டாதி எண்டு சொன்னீங்கள். தங்கச்சிக்கு?"

"ரேவதி."

எழுதிக்கொண்டான். "உங்களுக்கு?"

"அனுசம்."

"அம்மாவுக்கு?" "பெரியம்மாவுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். தூரம் பார்க்கக் கேட்கிறானோ வேறெதற்கோ, நான் விசாரிக்கவில்லை. அம்மாவின் ஒழுங்கிலேயே சொல்லிக்கொண்டு வந்தேன். கோட்டை வாசல் வந்தபோது முன்வீட்டுப் பிள்ளையில் நின்றோம். அந்த வீட்டில் சாதகம் எழுதும் வழக்கம் இல்லை.

"நட்சத்திரம் தெரியாதாக்களுக்கு அப்பம்மா என்ன சொல்லுறவ?"

"சுவாமி பேரில எண்டு சொல்லுவா."

அதையும் எழுதிக்கொண்டான்.