அயர்லாந்தின் பாக் நிலம்: எப்படி உருவாகிறது, எப்படி நடப்பது

வேலூர், குடியாத்தம், ஆற்காடு பக்கமிருந்து அயர்லாந்துக்கு வேலைக்கு வருகிறவர்களுக்குப் புரியாத நிலம் ஒன்று உண்டு. பார்த்தால் வெட்டவெளி, கால் வைத்தால் உள்வாங்கும். அதைத்தான் அங்கே 'பாக்' என்கிறார்கள்.

அயர்லாந்தின் நடுப்பகுதியில் பெய்கிற மழை வேலூர் மழையைவிடப் பெரிதாக அதிகமில்லை. இரண்டும் ஆண்டுக்கு 900 மில்லிமீட்டரை ஒட்டித்தான். பெய்த தண்ணீர் எங்கே போகிறது என்பதில்தான் வித்தியாசம். பாலாற்று மணலில் இறங்கியது போக மிச்சத்தை வெயில் குடித்துவிடும். அங்கே மழை பன்னிரண்டு மாதமும் பரவிப் பெய்கிறது, கோடையிலும் 20 டிகிரியை ஒட்டித்தான் வெயில், அடியில் களிமண். தண்ணீர் நின்றுவிடுகிறது.

சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் பனிப்பாறைகள் விலகிய பள்ளங்கள் ஏரிகளாயின. அதில் வளர்ந்து மடிந்த நாணலும் கோரையும், காற்றில்லாத தண்ணீருக்குள் அரைகுறையாக மக்கி, ஏரியையே தூர்த்துவிட்டன. நிலத்தடி நீர் எட்டாத உயரம் வந்ததும் ஸ்பேக்னம் பாசி பிடித்துக்கொண்டது. மழைநீர் மட்டுமே அதற்குப் போதும். காய்ந்த எடையைப்போல் 20 மடங்கு வரை தண்ணீர் பிடிக்கும். சுற்றியுள்ள நீரைப் புளிப்பாக்கி, கிருமிகளை அண்டவிடாது. மேலே வளர வளர, அடியில் மடிவது அரைகுறையாக மக்கி, பீட் என்கிற கரிமண் ஆகிறது. ஆண்டுக்கு ஏறக்குறைய 1 மில்லிமீட்டர். ஒரு மீட்டர் சேர 1,000 ஆண்டு. ஆஃபலி கவுண்டியில் (மாவட்டம்) ஒரு பாக்கிலிருந்து 2003-ல் கிடைத்த, 2,000 ஆண்டுகளுக்கு முந்தைய மனித உடலில் விரல் நகம்கூட அழியவில்லை. இப்பேர்ப்பட்ட நிலத்தின் ஓரத்தில் கால்வாய் வெட்டினால், நீர்மட்டம் இறங்கிக் காற்று புகுந்து, சேர்ந்திருந்த கரிமமெல்லாம் புகையில்லாமலே வெளியேறிவிடும்.

முதல்முறை போகிறவர்கள் ஆஃபலியின் கிளாரா பாக் போங்கள். பலகைப் பாதை இருக்கிறது. ஓரமாகக் குனிந்து பாருங்கள்: பட்டாணி அளவு சிவப்பு இலை, அதன் மயிர்நுனிகளில் பிசின் துளி, ஒட்டிய சின்னப் பூச்சி. மண்ணில் இல்லாத நைட்ரஜனைப் பூச்சியிடமிருந்து எடுக்கும் செடி அது.

பலகை இல்லாத பாக்கில் தனியாக இறங்கவே வேண்டாம். இடம் தெரிந்த உள்ளூர்க்காரரோடு போங்கள். முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ், கையில் நீளமான கம்பு. ஜீன்ஸ் நனைந்தால் உடம்புச் சூட்டை இழுத்துவிடும், கோடையிலும் நடுக்கம் வரும். பழுப்பாக ஹெதர் புதர் மேடிட்ட இடம் ஓரளவு தாங்கும். பளிச்சென்ற பச்சையில் சமதளமாக விரிந்திருந்தால், கீழே தண்ணீர்தான். கம்பால் குத்திப் பார்க்காமல் மிதிக்காதீர்கள். புதர் மூடிய பழைய கால்வாய்கள் இன்னும் ஆபத்து.

கால் புதைந்தால் வெடுக்கென்று இழுக்காதீர்கள். இழுக்கும் காலடியில் வெற்றிடம் உண்டாகிப் பிடி இறுகும், மறு காலும் இறங்கும். பின்பக்கமாகச் சாய்ந்து பாரத்தைப் பரப்பி, பாதத்தை மெல்ல ஆட்டினால் இடுக்கில் தண்ணீர் புகுந்து இளகும். பூட்ஸ் உள்ளேயே போனாலும் போகட்டும்.

வீடு திரும்பியதும் முழங்கால் மடிப்பிலும் இடுப்பிலும் உண்ணி பாருங்கள், குழந்தைகளுக்குத் தலைமுடி ஓரத்திலும். லைம் நோய் அதிலிருந்துதான் வரும். கடித்திருந்தால் நுனி வளைந்த இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து, நசுக்காமல் நேராக மேலே எடுங்கள்.