கருந்துளைக்குப் பதிலாக அங்கே வேறென்ன இருக்கலாம்?

நவம்பர் 8, 2025, சனி

எம்87 விண்மீன் மண்டலத்தின் நடுவில் இருப்பதன் படத்தை 2019 ஏப்ரல் 10 அன்று வெளியிட்டார்கள். அந்த ஆரஞ்சு வளையத்துக்குள் தெரியும் கருப்புதான் கருந்துளை என்று பலரும் நினைக்கிறோம். உண்மையில் அது நிழல். ஒளிகூடத் திரும்ப முடியாத நிகழ்வு எல்லை அதற்குள்ளே இருக்கிறது. நிழலின் அகலம் அதைப்போல் சுமார் 2.6 மடங்கு. நிகழ்வு எல்லையே இல்லாத வேறொரு பொருள் அந்த நிழலுக்குள் அடங்கியிருந்தாலும் படம் ஏறக்குறைய இப்படியே வரலாம்.

நவம்பர் 9, ஞாயிறு

சரி, எதற்காக மாற்று தேட வேண்டும்? ஐன்ஸ்டீனின் சமன்பாடுகளை அப்படியே நம்பினால் கருந்துளையின் நடுவில் அடர்த்தி முடிவிலிக்குப் போகிறது. கோட்பாடு அங்கே செல்லாது என்பதற்கு அதுவே அறிகுறி.

2001இல் இயற்பியலாளர்கள் பாவெல் மசூரும் எமில் மொட்டோலாவும் கிராவாஸ்டார் என்ற மாற்றை முன்வைத்தார்கள். நொறுங்கும் விண்மீன் நிகழ்வு எல்லையை எட்டும் தறுவாயில், அதன் உட்பகுதி வெளிப்பக்கமாகத் தள்ளும் ஆற்றலாக மாறுகிறது. பிரபஞ்சத்தை வேகமாக விரியவைக்கும் இருள் ஆற்றலும் இந்த வகைதான். சுற்றிலும் மெல்லிய ஓடு. நடுவில் முடிவிலி கிடையாது. அழகான யோசனை. ஆனால் நிஜ விண்மீன் எந்த வழியில் இந்த நிலைக்கு வந்து சேரும்? அதற்குத் திருப்தியான விடை இல்லாதவரை என்னால் இதை முழுசாக ஏற்க முடியாது.

நவம்பர் 12, புதன்

எனக்குப் பிடித்த மாற்று போசான் விண்மீன். போசான் என்பது ஒரு துகள் வகை, எலக்ட்ரான் அந்த வகையில் சேராது. எலக்ட்ரான்கள் ஒரே நிலையில் சேர்ந்திருக்க ஒத்துக்கொள்ளாது. எரிந்து முடிந்த விண்மீனின் அடர்ந்த மிச்சமான வெள்ளைக் குள்ளனைத் தாங்குவதே அந்த மறுப்புதான். சூரியனைப்போல் சுமார் 1.4 மடங்கு நிறைக்கு மேல் அதுவும் தாங்காது என்று கணக்கிட்டவர் சந்திரசேகர். போசான்களுக்கு இந்த மறுப்பு கிடையாது. கோடானுகோடி துகள்களும் சேர்ந்து ஒரே குவாண்டம் அலை ஆகிவிடலாம். அலையைப் புள்ளியாக ஒடுக்க முடியாததால் அது நொறுங்காமல் நிற்கிறது. ஓடும் இல்லை, தரையும் இல்லை. இந்தக் கணக்கு 1968லேயே வந்துவிட்டது. அதற்கு வேண்டிய லேசான, சிதையாத போசான்தான் இன்னும் அகப்படவில்லை. நமக்குத் தெரிந்த ஹிக்ஸ் போசான் உதவாது, பிறந்த கணமே சிதைந்துவிடும்.

இயற்பியலாளர் சமீர் மாதுரின் ஃபஸ்பாலும் உண்டு. துகள்களை நுண்ணிய இழைகளாகப் பார்ப்பது சரக் கோட்பாடு. அந்த இழைகள், நிகழ்வு எல்லை இருக்க வேண்டிய இடம்வரை சிக்கிப் பின்னிய பந்துதான் ஃபஸ்பால்.

நவம்பர் 16, ஞாயிறு

எது சரி என்று எப்படிச் சோதிப்பது? கருந்துளையைச் சீண்டினால் தட்டிய மணிபோல் அதிர்ந்து அடங்கும் என்று 1970இல் காட்டியவர் நம் நாட்டு இயற்பியலாளர் விஸ்வேஸ்வரா. 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ ஆய்வகம் முதல் ஈர்ப்பு அலையை, அதாவது இரு கருந்துளைகள் மோதி இணைந்ததில் எழுந்து இடத்தையே நெளியவைத்துப் பரவிய அலையை, பிடித்தபோது அந்த அடங்கலின் தடயமும் சேர்ந்தே வந்தது. உள்ளே ஓடு இருந்தால் அலை அதில் பட்டுத் திரும்ப வேண்டும். அடங்கிய பிறகு எதிரொலிகள் வரவேண்டும். 2016இல் ஒரு குழு எதிரொலி இருக்கிறது என்றது. பிறர் அலசியபோது அது உறுதிப்படவில்லை. இந்த ஆண்டு ஜனவரி 14 அன்று வந்த அலை அதைவிடச் சுமார் மூன்று மடங்கு தெளிவு. அதில் பிரித்தெடுத்த அதிர்வுகள் சுழலும் கருந்துளைக்கான கணக்கோடு பொருந்துகின்றன.

என் கணிப்பும் கருந்துளை பக்கம்தான். ஆனாலும் போசான் விண்மீனை இப்போதே தள்ளிவைக்க மனம் வரவில்லை. 2035 வாக்கில் ஐரோப்பிய விண்வெளி முகமை, ஈர்ப்பு அலைகளை விண்வெளியிலிருந்தே பிடிக்கும் லீசாவை அனுப்பத் திட்டமிட்டிருக்கிறது. பேரெடைப் பொருளைச் சிறிய கருந்துளை ஒன்று ஆயிரக்கணக்கான தடவை சுற்றி விழுவதை அது கேட்கும். சுற்றுக்குச் சுற்று அலை மாறும் விதத்தில் நடுவில் இருப்பதன் வடிவம் பதிவாகிவிடும்.