தமிழிலும் சோதித்துப் பாருங்கள்: மகனுக்கு ஐ.இ.பி. வாங்கிய அனுபவம்

கலிஃபோர்னியாவில் என் மகனுக்கு ஐ.இ.பி., அதாவது மாற்றுத்திறன் உள்ள பிள்ளைக்குப் பள்ளி எழுதித் தரும் தனிக் கல்வித் திட்டம், வாங்கியதைப் பற்றி இங்கே சில அம்மாக்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒரே தடவையாக எழுதிவிடுகிறேன்.

ப்ரீஸ்கூல் வயதில் ஆங்கிலத்தில் ஒரு மதிப்பீடு நடந்தது. நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். படத்தைக் காட்டினார்கள், அவன் பளிச்சென்று தமிழில் "குடை" என்றான். பூஜ்யம் போட்டார்கள். அடுத்து சீப்பு. அதற்கும் பூஜ்யம். கடைசியில் வந்த அறிக்கை, அறிவுத்திறன் குறைபாடு இருக்கலாம் என்றது. வீட்டில் டிவி ரிமோட்டை ஒளித்து வைத்தால் அரை நிமிஷத்தில் கண்டுபிடிக்கிற பிள்ளை!

அவனுக்குப் பேச்சில் சிக்கல் இருந்தது உண்மை, அதை நாங்களும் மறுக்கவில்லை. ஆனால் கிண்டர்கார்டன் சேர்ந்த பிறகு பள்ளியில் சொன்னதோ "ஆங்கிலம் பழகட்டும், பொறுத்துப் பார்க்கலாம்" என்பதுதான். இதே பாதையில் போய் வந்த ஒரு தமிழ் அக்காவிடம் புலம்பியபோது, "வாயால கேட்டா காத்துல போயிடும்மா, தேதி போட்டு ஈமெயில் அனுப்பு" என்றார். மறுபடி மதிப்பிடச் சொல்லி அனுப்பினேன். எழுத்தில் கேட்டால்தான் கெடு ஓட ஆரம்பிக்கிறது. இந்த மாநிலத்தில் 15 நாளுக்குள் மதிப்பீட்டுத் திட்டத்தை, அதாவது எதை, எந்த மொழியில் சோதிப்பார்கள் என்ற தாளைத் தர வேண்டும். நாம் கையெழுத்துப் போட்ட பிறகு 60 நாளுக்குள் மதிப்பீட்டை முடித்து ஐ.இ.பி. மீட்டிங்கும் வைத்தாக வேண்டும். நீண்ட விடுமுறைகள் இந்தக் கணக்கில் வராது.

மதிப்பீட்டுத் திட்டம் வந்தது. சோதிக்கும் மொழி என்ற இடத்தில் 'ஆங்கிலம்' என்று இருந்தது. கையெழுத்துப் போடாமல், தமிழையும் சேர்க்கச் சொல்லிக் கேட்டேன். தமிழ் தெரிந்தவர் யாரும் இல்லை என்றார்கள். சரி, மறுப்பதாக இருந்தால் காரணத்தோடு எழுத்தில் கொடுங்கள் என்று கேட்டேன். அப்படிக் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். ஒவ்வொரு மீட்டிங்கிலும் கையில் திணிக்கிற பெற்றோர் உரிமைப் புத்தகத்திலேயே இருக்கிறது, யாரும் பிரித்துப் பார்ப்பதில்லை. அதற்குப் பிறகு 'தமிழ், மொழிபெயர்ப்பாளருடன்' என்று மாற்றி அனுப்பினார்கள்.

தாய்மொழியில் சோதிக்கக் கேட்கும் உரிமை எங்கிருந்து வந்தது என்று தேடியபோது கிடைத்தது இதே மாநிலத்தின் 1970ஆம் ஆண்டு வழக்கு, டயானா எதிர் மாநிலக் கல்வி வாரியம். ஸ்பானிஷ் பேசும் வீட்டுப் பிள்ளைகள் ஒன்பது பேரை ஆங்கிலத்தில் ஐக்யூ சோதித்து, மனவளர்ச்சி குன்றியவர்கள் வகுப்பில் போட்டிருந்தார்கள். இரு மொழியிலும் மறுபடி சோதித்தபோது பெரும்பாலோர் அந்த வரம்பைத் தாண்டிவிட்டார்கள். வழக்கு சமரசத்தில் முடிந்தது, இனி பிள்ளையின் தாய்மொழியிலும் சோதிக்க வேண்டும் என்று மாநிலம் ஒப்புக்கொண்டது. 1975இல் அதிபர் ஜெரால்ட் ஃபோர்டு கையெழுத்திட்ட, மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கான தேசியச் சட்டத்திலும் மொழி பற்றிய விதி ஏறியது. அந்தச் சட்டத்துக்குத்தான் 1990இல் ஐ.டி.இ.ஏ. என்று பெயர் மாறியது. அது வருவதற்கு முன் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட மாற்றுத்திறன் குழந்தைகளில் 10 லட்சம் பேர் பொதுப்பள்ளிக்கு முற்றிலும் வெளியே இருந்தார்கள் என்று நாடாளுமன்றமே அந்தச் சட்டத்தில் எழுதி வைத்திருக்கிறது.

மறு மதிப்பீட்டில் அறிவுத்திறனைப் பேச்சு தேவைப்படாத கட்டைகள், வடிவங்கள் வைத்துச் சோதித்தார்கள். வயதுக்கு ஏற்ற அளவில் இருந்தது. பேச்சுக்கு, தமிழில் ஒப்பிட அளவுகோல் இல்லாததால் மதிப்பெண் போடாமல் விவரித்து எழுதினார்கள். ஆங்கிலத்தில் விடுகிற வினைமுடிவுகளைத் தமிழிலும் விடுகிறான், "நாய் ஓடு" என்று நிறுத்திவிடுகிறான். இரண்டு மொழியிலும் இருப்பதால் இது உண்மையான மொழிக் குறைபாடு, ஆங்கிலம் பழகுவதால் தீராது. பழைய அறிக்கை சொன்னதும் தவறு, பொறுத்துப் பார்க்கலாம் என்றதும் தவறு.

ஐ.இ.பி. மீட்டிங்கில் மேசையைச் சுற்றிப் பெரிய கூட்டம். என் கணவருக்காக அவர்கள் செலவிலேயே மொழிபெயர்ப்பாளர் வந்தார். போதுமான ஸ்பீச் தெரபிஸ்ட்கள் இல்லை, அதனால் வாரம் ஒரு முறைதான் முடியும் என்றார்கள். 1972லேயே வாஷிங்டன் டி.சி.யில் மாற்றுத்திறன் பிள்ளைகளைப் பள்ளிக்கு வெளியே வைத்தது பற்றிய மில்ஸ் வழக்கில் பள்ளி நிர்வாகம் பணமில்லை என்றது. பற்றாக்குறையின் சுமையை இந்தப் பிள்ளைகள் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. நான் வழக்கெல்லாம் பேசவில்லை. "அவனுக்கு எத்தனை முறை தேவை என்று உங்கள் அறிக்கை சொல்கிறது?" என்று மட்டும் கேட்டேன். இரண்டு என்று எழுதினார்கள். எல்லாவற்றையும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை, சம்மதமான பகுதிக்கு மட்டும் கையெழுத்துப் போடலாம் என்பதும் தெரிந்திருப்பது நல்லது.

மறு வருஷம் இலக்குகளை அப்படியே நகலெடுத்துக் கொண்டுவந்தார்கள், தேதி மட்டும் புதிது. இங்கே 2017இல் வந்த எண்ட்ரூ எஃப். தீர்ப்பு கைகொடுத்தது. கொலராடோவைச் சேர்ந்த ஆட்டிசம் உள்ள பையனுக்கும் வருஷாவருஷம் ஏறத்தாழ அதே இலக்குகள்தான். பேருக்குக் கொஞ்சம் முன்னேற்றம் போதாது, அந்தப் பிள்ளையின் நிலைமைக்குத் தகுந்த முன்னேற்றம் வரும்படி திட்டம் இருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் ஒருமனதாகச் சொன்னது. 1982இல் காது கேளாத ஏமி ரௌலி வழக்கில் அதே நீதிமன்றம் இதைவிடக் குறைந்த எதிர்பார்ப்பைத்தான் வைத்திருந்தது. போன வருஷ இலக்கில் எவ்வளவு எட்டினான், தரவைக் காட்டுங்கள் என்று கேட்டேன். பாதிக்குத் தரவே எடுக்கவில்லை. இன்னொரு மீட்டிங் வைத்து, ஒவ்வொன்றிலும் இப்போதைய நிலை என்ன, எதற்குள் எவ்வளவு, யார் அளப்பார்கள் என்று எழுதி வாங்கினோம். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வரும் மறு மதிப்பீட்டுக்குத் தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்ற ஈமெயிலையும் இப்போதே போட்டுவிட்டேன்.