நாகலிங்கப் பூவில் பாம்பைத் தொலைத்த கதை

சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலைக்குப் போய் நாகலிங்க மரத்தடியில் உட்கார்ந்து வரையத் தொடங்கி ஐந்து ஞாயிறு ஆகிவிட்டது. நான்காவது தாளில்தான் உருப்படியாக ஒன்று வந்திருக்கிறது.

முதல் தாளில் வந்தது பூவே இல்லை, காலண்டர் படம். நடுவில் லிங்கம், மேலே படமெடுத்த பாம்பு. சின்ன வயதிலிருந்து அப்படியே கேட்டு வளர்ந்ததால் கண் பார்ப்பதற்குள் கை வரைந்துவிட்டது. அப்புறம்தான் எண்ண ஆரம்பித்தேன். இதழ்கள் ஆறு. லிங்கம் என்று நாம் சொல்வது நடுவிலுள்ள சூலகம். அதைச் சுற்றி வளையமாகக் குட்டையான மகரந்தத் தாள்கள். வளையத்தின் ஒரு பக்கம் நீண்டு, வளைந்து, குடைபோலக் கவிழ்கிறது. அதுதான் நம் பாம்பு. பூவில் தேன் கிடையாது. குடையிலுள்ள மகரந்தம் தேனீக்குத் தீனி மட்டும்; காய் பிடிக்க வைப்பது வளையத்து மகரந்தம். இது தெரிந்தபிறகு இரண்டுக்கும் ஒரே மஞ்சளைப் பூச மனசு வரவில்லை.

இரண்டாவது தாளைக் கெடுத்தது ஈரக்காற்று. பிராஸ் பாசா கடையில் வாங்கிய, சதுர மீட்டருக்கு 300 கிராம் எடையுள்ள வழுவழுப்பான பருத்தித் தாள். முதல் பூச்சு காயும் முன்பே அவசரப்பட்டு அடுத்ததை வைத்தேன். நிறம் திட்டுத்திட்டாகப் பரவிவிட்டது. மூன்றாவதைப் பற்றிப் பேச வேண்டாம். நூறு வருஷத்துக்கும் முன்னால், ரிட்லி இங்கே இயக்குநராக இருந்த காலத்தில் சார்ல்ஸ், ஜேம்ஸ் டி அல்விஸ் இருவரும் இதே தோட்டத்துக்காக வரைந்தார்கள். ஏர்கானும் இல்லாமல் எப்படித்தான் காயவைத்தார்களோ!

இப்போது மரத்தடியில் பென்சில் வேலை மட்டும். பூவைப் பறிக்கக் கூடாது. பறிக்காவிட்டாலும் ஒரு நாளில் உதிர்ந்துவிடும். நல்லவேளை, அடிமரத்திலேயே பூப்பதால் ஏணி தேவையில்லை. கவராயத்தால் அளவெடுத்து, நிறங்களை ஓரத்தில் தொட்டுவைத்துக்கொண்டு, வீட்டுக்கு வந்து ஏர்கான் அறையில் பூசுகிறேன்.

நேற்று அம்மாவிடம் காட்டினேன்.

"எல்லாம் சரி, பாம்பு எங்கடி?"

தாளை எடுத்துக்கொண்டு நாலடி பின்னால் போய் நின்றேன்.

"ம்ம், இருக்கு" என்றார் அம்மா.

காய் இன்னும் பாக்கி. அசல் அளவில் போட்டால், பீரங்கிக் குண்டு மாதிரி இருக்கும் அந்தக் காய் பூவுக்கு இடமே வைக்காது. இலையோடு அதைத் தனித்தாளுக்கு மாற்றலாம் என்றிருக்கிறேன்.